லூபஸ் ரத்தத்தில் ஓடுமா? தங்கையின் சிறுநீரகத்தைப் பற்றி ஓர் அக்கா கேட்டதற்கு

நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று நான்கு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முதலில் பிரித்து வைத்துக்கொள்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். உங்கள் தங்கைக்கு 22 வயது. இரண்டு மாதம் முன்பு லூபஸ் என்று தெரிந்தது, அதாவது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய். யூரினில் புரோட்டீன் போனதால் கிட்னியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தார்கள், ‘கிளாஸ் 4’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. உங்கள் அம்மா தன் தாய்மாமனையே கட்டிக்கொண்டவர். அதனால் பெரம்பூர் உறவினர்கள் “சொந்தத்துலயே கட்டினா இப்படித்தான் ஆகும்” என்று அம்மா காதுபடப் பேசுகிறார்கள். உங்களுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் வேறு. இதற்கு நடுவில் ஓர் அமெரிக்கக் கட்டுரையில், ஒரு குறிப்பிட்ட மரபணு இருந்தால் லூபஸ் நோயாளிகளின் கிட்னி சீக்கிரம் செயலிழக்கும் என்று படித்துவிட்டு, அந்த டெஸ்டை சென்னையில் எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா, எனக்கும் வருமா, தங்கையின் கிட்னி போவது ஏற்கெனவே முடிவாகிவிட்டதா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் சிறுநீரக மருத்துவர். சென்னையில் முதலில் அரசு மருத்துவமனையிலும் பிறகு வெளியிலும், ருமட்டாலஜி (மூட்டு, தசை நோய்ப் பிரிவு) மருத்துவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாக லூபஸ் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். மரபணு ஆராய்ச்சி என் துறை அல்ல. அதில் வருகிற முடிவுகள் என் எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிக்குப் பயன்படுமா என்ற கண்ணோடு படிப்பவன், அவ்வளவுதான். உங்கள் தங்கையை நான் பரிசோதிக்கவில்லை, பயாப்ஸி ரிப்போர்ட்டின் முழு விவரமும் என் கையில் இல்லை. அதனால் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும்.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம். லூபஸ் வருவதில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, ஆனால் அப்பா அம்மாவிடமிருந்து அப்படியே பிள்ளைக்கு இறங்கும் நோய் இல்லை இது. நீங்கள் படித்த அந்த ஜீன் டெஸ்ட் உங்கள் தங்கைக்குத் தேவையில்லை. கிளாஸ் 4 என்பது தீவிரமான நிலைதான், ஆனால் காப்பாற்றக்கூடிய நிலை. உங்களுக்கு லூபஸ் வராமலே போவதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். அந்த டெஸ்டுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தை வேறு எதற்குச் செலவழிக்கலாம் என்பதையும் கீழே சொல்கிறேன்.

மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதற்கு இரட்டையர்களைப் பார்த்தாலே போதும். ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணுவில் வித்தியாசமே இல்லாத இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் வந்தால், இன்னொருவருக்கும் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். சில ஆய்வுகளில் அதைவிடக் கூடுதலாகவும் சொல்கிறார்கள், ஆனால் எதிலும் நூற்றுக்கு நூறு கிடையாது. தனித்தனிக் கருவாக உருவான இரட்டையரில் இது நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை. ஆக, மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது என்பதும் உறுதி, அது மட்டுமே போதாது என்பதும் உறுதி. லூபஸோடு தொடர்புள்ள இடங்கள் என்று மரபணுத் தொகுதியில் நூற்றுக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். எச்.எல்.ஏ. பகுதி, ஐ.ஆர்.எஃப்-5, ஸ்டாட்-4 இவையெல்லாம் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். அவற்றில் பல உங்களிடமும் என்னிடமும், இதைப் படிக்கிற யாரிடமும் இருக்கலாம், ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம்.

மரபணுவுக்கு மேல் எது திரியைக் கொளுத்துகிறது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் லூபஸைக் கிளப்பிவிடும் என்பது உறுதி. நம் ஊர் வெயிலில் பஸ்சுக்கு நின்றுவிட்டு வந்த இரண்டாம் நாள் கன்னத்தில் தடிப்பும் மூட்டு வலியுமாக வருபவர்களைக் கோடைக்காலத்தில் நிறையவே பார்க்கிறோம். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் மீது நெடுநாளாகச் சந்தேகம் இருக்கிறது, அண்மைக் காலத்தில் அது வலுத்தும் வருகிறது. ஆனால் உலகில் பெரும்பாலோருக்கு அந்த வைரஸ் சின்ன வயதிலேயே வந்துபோயிருக்கும், லூபஸ் வருவதோ வெகு சிலருக்கு. எனவே அதை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது.

நோய் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். வெறும் ஹார்மோனை வைத்து இதை முழுதாக விளக்க முடியவில்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், அதில் ஒன்றை உடல் அணைத்து வைக்கும். ஆனால் அதில் உள்ள சில ஜீன்கள் அணையாமல் தப்பிவிடும், டி.எல்.ஆர்-7 அப்படிப்பட்ட ஒன்று. வைரஸின் ஆர்.என்.ஏ. உள்ளே வந்தால் மணி அடிப்பது அதன் வேலை. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறு வயதிலேயே கடும் லூபஸ் வந்த ஒரு சிறுமியிடம் இந்த ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததைக் கண்டார்கள். அதே மாற்றத்தை எலிகளில் வைத்தபோது எலிகளுக்கும் லூபஸ் வந்தது. பிறவியிலேயே கூடுதல் எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக லூபஸ் வருவதும் இதோடு பொருந்திப் போகிறது. என் பார்வையில் லூபஸ் மரபணு ஆராய்ச்சியில் மிகத் தெளிவாகக் கதை சொல்லும் பகுதி இதுதான்.

சரி, சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அம்மா இதைச் சுமந்துகொண்டிருக்கிறார். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறக்கும் குழந்தையிடம், சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களில் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவையாக இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் இது பதினாறில் ஒரு பங்கு. இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வரும் நோய்கள் இப்படிப்பட்ட குடும்பங்களில் கூடும் என்பது உண்மை. லூபஸிலும் அப்படி ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. சி1க்யூ என்று ரத்தத்தில் ஒரு புரதம். தினமும் உடலில் சாகும் செல்களின் கழிவை அப்புறப்படுத்த உதவுவது. தெருமுனைத் தொட்டியை மாநகராட்சி வண்டி வாரக்கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இது இல்லாத உடம்பிலும் நடக்கிறது. செல்லுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய டி.என்.ஏ. வெளியே கிடந்து நாறுகிறது, நோய் எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று பார்த்துச் சண்டைக்குப் போகிறது. இந்தப் புரதம் பிறவியிலேயே முற்றிலும் இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் லூபஸோ அதைப் போன்ற நோயோ வருகிறது.

ஆனால் அது எப்படி வரும் தெரியுமா? பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வரும். ஆண் பிள்ளைகளுக்கும் வரும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வரலாம். அடிக்கடி கிருமித் தொற்றும் சேர்ந்து வரும். ஐந்து வயது, எட்டு வயதுப் பிள்ளைக்கு லூபஸ் என்று வந்து, அப்பா அம்மா நெருங்கிய சொந்தம் என்றால் நாங்களே மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்போம். அங்கே அது சிகிச்சையை மாற்றக்கூடும், அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுக்கவும் உதவும். 22 வயதில், அதுவரை நன்றாக இருந்து, வீட்டில் வேறு யாருக்கும் இல்லாமல் ஒரு பெண்ணுக்கு வருவது அந்த வகை இல்லை, மேலே சொன்ன நூறு சின்னச் சின்னக் காரணங்கள் சேர்ந்து வரும் வழக்கமான லூபஸ். வழக்கமான லூபஸுக்குச் சொந்தத் திருமணம்தான் காரணம் என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடையாது. அந்நியத்தில் கட்டியவர்களின் பெண்களும் எங்கள் வார்டுகளில் அதே அளவு படுத்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவிடம் இதை, ஒரு கிட்னி டாக்டர் சொன்னார் என்றே சொல்லுங்கள்.

இப்போது கிட்னிக்கு வருவோம். லூபஸ் வந்த எல்லோருக்கும் கிட்னி பாதிப்பதில்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாதிக்கும், ஐரோப்பியரைவிட ஆசியர்களிடமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் கூடுதல். சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராக உருவான ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்), டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு கிட்னியின் நுண்வடிகட்டிகளில் போய்ப் படிகிறது, அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. சிலருக்கு அங்கே படிவதும் சிலருக்குத் தோலோடும் மூட்டோடும் நின்றுவிடுவதும் ஏன்? இதிலும் மரபணுவுக்கு ஒரு கை உண்டு. ஸ்டாட்-4 ஜீனின் ஒரு வகை இருப்பவர்களிடம் கிட்னி பாதிப்பு கொஞ்சம் அதிகம் என்று பல ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. படிந்த பொருளைத் துடைத்தெடுக்கும் செல்களின் ஏற்பிகளுக்கான ஜீன்கள் சிலவற்றுக்கும் இப்படித் தொடர்பு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இவை எல்லாமே கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் செய்தி. ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும்போது தெரியும் சிறு வித்தியாசத்தை வைத்து, என் எதிரே இருக்கும் ஒரு பெண்ணின் கிட்னி தப்புமா என்று சொல்ல முடியாது. எல்லா ஜீன்களையும் கூட்டி மதிப்பெண் போடும் முயற்சிகளும் நடக்கின்றன. அவை பெரும்பாலும் ஐரோப்பியர், சீனர், கொரியர், ஜப்பானியரை வைத்துச் செய்தவை. தெற்காசியர்கள் அந்தப் பட்டியல்களில் மிகக் குறைவு. அந்த மதிப்பெண்ணைத் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது என்பது என் கருத்து.

நீங்கள் படித்த கட்டுரை அபோ-எல்-1 என்ற ஜீனைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் லூபஸையும் கிட்னியையும் சேர்த்துப் பேசினாலே இந்தப் பெயர் வந்துவிடும். 2010-ல் இதன் தொடர்பு வெளிவந்தது. இதன் இரண்டு மாற்று வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் தூக்க நோய் உண்டாக்கும் ஒட்டுண்ணியிடமிருந்து பாதுகாப்பு தருவதால் அங்கே பரவி நிலைத்தவை. ஆனால் ஜீனின் இரண்டு பிரதியிலும் இந்த வடிவங்களில் ஏதாவது ஒன்று இருந்தால் கிட்னிக்குக் கெடுதல். லூபஸ் உள்ள கறுப்பின அமெரிக்கர்களில் அப்படி இருப்பவர்கள் டயாலிசிஸ் நிலைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கட்டுரை சொன்னது சரிதான். ஆனால் அந்த வடிவங்கள் ஆப்பிரிக்க வம்சாவளியில் மட்டுமே பரவலாக உள்ளவை, நம் மக்களிடம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். உங்கள் தங்கைக்கு அந்த டெஸ்ட் எடுத்தால் ‘இல்லை’ என்று வரும், அதனால் ஒரு தகவலும் கூடாது, பயமும் குறையாது.

ஒரு மரபணு டெஸ்ட் மட்டும் நம் ஊர் லூபஸ் நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படும். அது நோயைப் பற்றியது இல்லை, மருந்தைப் பற்றியது. பின்னால் எப்போதாவது நோய் எதிர்ப்பை அடக்கும் அசதியோப்ரின் மாத்திரைக்கு மாற்றுவதாக இருந்தால் நட்-15 என்ற ஜீனைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் மாற்றம் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவில் கொடுத்தாலே இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டும், வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்குப் போகும். இந்தியர் உட்பட ஆசியர்களிடம் இது அரிதான மாற்றம் இல்லை. வெளிநாட்டுப் புத்தகங்களில் டி.பி.எம்.டி. என்ற இன்னொரு ஜீனைத்தான் முதலில் சொல்வார்கள், நமக்கு நட்-15 தான் முக்கியம். டெஸ்ட் எடுக்க வசதி இல்லாவிட்டால் குறைந்த அளவில் தொடங்கி, முதல் இரண்டு மாதம் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பதும் நல்ல வழிதான்.

உங்கள் தங்கையின் கிட்னியின் கதி எதில் இருக்கிறது என்றால், அந்தப் பயாப்ஸி ரிப்போர்ட்டின் கீழ்ப் பகுதியிலும் அடுத்த ஒரு வருடத்திலும் இருக்கிறது. பயாப்ஸி அன்று அவரைக் குப்புறப் படுக்க வைத்திருப்பார்கள். ஸ்கேன் வைத்து இடம் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, “மூச்சை இழுத்துப் பிடிம்மா” என்று சொல்லி, டக் என்று ஒரு சத்தம். வந்தது பென்சில் முள் கனத்தில் ஓர் இழை. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு, அந்த இழையில் பத்து இருபது கிடைத்தாலே மகிழ்ச்சி. அவற்றில் பாதியிலோ அதற்கு மேலோ அழற்சி இருந்தால் கிளாஸ் 4, பாதிக்குக் குறைவாக இருந்தால் கிளாஸ் 3. இந்த எண் ஆறு வரை போகும் என்பதால் ‘ஆறில் நான்காவது படி, இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஐந்து என்பது வேறு வகையான படிவு, ஆறுதான் தழும்பாகிப்போன கிட்னி. ரிப்போர்ட்டில் இதைவிட முக்கியமாக இரண்டு மதிப்பெண்கள் இருக்கும்: ஆக்டிவிட்டி இண்டெக்ஸ் 24-க்கு, க்ரானிசிட்டி இண்டெக்ஸ் 12-க்கு. முதலாவது, இப்போது எவ்வளவு அழற்சி என்பது. அது அதிகமாக இருந்தால் பயமாகத் தோன்றும், ஆனால் மருந்துக்கு அடங்குவது அதுதான். இரண்டாவது, எவ்வளவு தழும்பு என்பது. தழும்பு திரும்பாது. உங்கள் தங்கைக்கு க்ரானிசிட்டி குறைவாக இருந்தால், அந்தக் கிட்னியில் காப்பாற்ற நிறையவே இருக்கிறது என்று அர்த்தம். எண் என்னவென்று நீங்கள் எழுதவில்லை, எடுத்துப் பாருங்கள்.

1960-களில் இந்த அளவு கிட்னி பாதிப்பு வந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வருடம் தாண்டவில்லை. இன்று ஒழுங்காகச் சிகிச்சை எடுப்பவர்களில் பத்து வருடம் கழித்தும் டயாலிசிஸ் இல்லாமல் இருப்பவர்கள் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல். முதலில் ஊசியாகவும் மாத்திரையாகவும் ஸ்டீராய்டு, கூடவே நோய் எதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு தடவை சைக்ளோபாஸ்பமைடு ஊசி. சிலருக்கு டாக்ரோலிமஸ் சேர்ப்போம். பெலிமுமாப், வோக்ளோஸ்போரின் என்று புது மருந்துகள் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் அமெரிக்காவில் லூபஸ் கிட்னி நோய்க்கு அனுமதி பெற்றன. விலை அதிகம், எல்லோருக்கும் தேவையும் இல்லை. பழைய மருந்துகளை ஒழுங்காகக் கொடுத்தாலே பெரும்பாலோர் தேறுகிறார்கள். மூன்று மாதத்தில் யூரின் புரோட்டீன் கால் பங்காவது குறைய வேண்டும், ஆறு மாதத்தில் பாதியாக வேண்டும், ஒரு வருடத்தில் ஒரு நாளைக்கு அரை கிராம் சுமாருக்கு வந்துவிட வேண்டும். நாங்கள் பார்க்கும் அளவுகோல் இதுதான். அதிக அளவில் புரோட்டீன் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இன்னும் சில மாதம் கூடுதலாகப் பிடிக்கலாம், உடனே தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

இதோடு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். கடைக்காரர் “இது மலேரியா மாத்திரையாச்சே, எதுக்கும்மா சாப்பிடுறீங்க” என்று கேட்பார். கொரோனா சமயத்தில் இதன் பெயர் வேறு வகையில் அடிபட்டதால் வீட்டிலும் பயப்படுவார்கள். லூபஸில் இதுதான் அடித்தளம். நோய் திரும்பக் கிளம்புவதைக் குறைக்கும், கர்ப்ப காலத்திலும் தொடரலாம். உடல் எடைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், கண் மருத்துவரிடம் தொடக்கத்தில் ஒருமுறையும் பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் விழித்திரையைப் பார்த்துக்கொண்டால் பல வருடம் சாப்பிடலாம். கிட்னி வேலை குறைந்திருந்தால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

என் அனுபவத்தில் கிட்னி போனவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்: நடுவில் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். முகம் வீங்குகிறது, பரு வருகிறது, எடை கூடுகிறது, கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று வீட்டிலேயே மெல்லக் குறைப்பார்கள். யூரினும் ஆறு மாதம் சுத்தமாக இருக்கும், ‘குணமாகிவிட்டது’ என்று விட்டுவிடுவார்கள். ஒரு பெண் கல்யாணத்துக்குப் பிறகு மைக்கோஃபினோலேட்டை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு, மாமியாருக்குத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டப்பா தீர்ந்தபோது புதிதாக வாங்க வழியில்லாமல் நின்றுபோனது. கால் வீங்கி வந்தபோது, கிட்னி வேலை குறையும்போது ரத்தத்தில் ஏறும் கழிவான க்ரியாட்டினின் எங்கோ போயிருந்தது. அவளிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. மறைக்க வேண்டிய நிலையை உண்டாக்கியவர்கள் நாம் எல்லோரும்தான். கிட்னி அடங்கிய பிறகும் குறைந்தது மூன்று வருடம் பராமரிப்பு மருந்து வேண்டும், பலருக்கு அதற்கும் மேல். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முகம் வீங்குவது மருந்து குறையக் குறைய வடிந்துவிடும் என்று தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள் விஷயம். லூபஸ் உள்ளவரின் உடன்பிறந்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று படித்திருப்பீர்கள். அடிப்படை ஆபத்து ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லாதபோது பல மடங்கு ஆனாலும் அது நூற்றுக்குச் சிலர்தான். இப்படிப்பட்ட நூறு அக்கா தங்கைகளில் தொண்ணூற்றைந்து பேருக்காவது வருவதில்லை. அதனால் எந்த அறிகுறியும் இல்லாமல் ஏ.என்.ஏ. டெஸ்ட் (சொந்த செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ரத்தப் பரிசோதனை) எடுக்காதீர்கள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு அது குறைந்த அளவில் பாசிட்டிவ் வரும், லூபஸ் நோயாளிகளின் உறவினர்களில் இன்னும் கூடுதல். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கப் பயப்படுவதுதான் மிஞ்சும். அதற்குப் பதில் வருடம் ஒருமுறை பி.பி.யும் சாதாரண யூரின் டெஸ்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தெருமுனை லேபிலேயே எடுக்கலாம், ஜீன் டெஸ்டுக்கு ஆகும் செலவில் பல வருடத்துக்கு இதைச் செய்யலாம். வாரக்கணக்கில் மூட்டு வலி, வெயில்பட்டால் தடிப்பு, வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், காலையில் கண் இமை வீக்கம், யூரினில் அடங்காத நுரை இவற்றில் எது வந்தாலும் தங்கைக்கு லூபஸ் இருப்பதைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள். அப்போது ஏ.என்.ஏ. எடுப்பதில் அர்த்தம் உண்டு.

வரன் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கி எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு நோய் இல்லை, உங்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு இன்னும் குறைவு. தங்கைக்கு நோய் இருக்கிறது, சிகிச்சையில் இருக்கிறாள் என்று நேராகச் சொல்லலாம். தங்கைக்கும் கல்யாணமும் குழந்தையும் உண்டு. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போது, திட்டமிட்டுத்தான் கருத்தரிக்க வேண்டும். மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால் குறைந்தது ஆறு வாரம் முன்பே வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும், அதுவரை கருத்தடை கட்டாயம். ஆன்டி-ரோ என்ற ஆன்டிபாடி இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இருந்தால் நூறில் ஓரிரு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பில் கோளாறு வரலாம், மகப்பேறு மருத்துவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

“தேவைப்பட்டால் என் கிட்னியைக் கொடுக்கலாமா” என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போது அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. என்றாவது அந்த நிலை வந்தால், கூடப் பிறந்தவர் கொடுக்கலாம். கொடுப்பவருக்கு லூபஸின் சாயல் இருக்கிறதா என்று ஏ.என்.ஏ. உட்பட எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்கள். லூபஸ் நோயாளிகளுக்கு மாற்றுச் சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்கிறது, புதுக் கிட்னியில் நோய் திரும்ப வந்து அதைக் கெடுப்பது அரிது.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, டைக்ளோஃபினாக் மாதிரியான மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும். பஸ்பம், பெயர் தெரியாத சூரணம் எதுவும் இப்போது வேண்டாம். உலோகம் கலந்தவை எத்தனையோ கிட்னிகளை எடுத்திருக்கின்றன. ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைய வேண்டும், பி.பி. 130-க்குக் கீழே நிற்க வேண்டும். காய்ச்சல், மூச்சுத் திணறல், யூரின் திடீரென்று குறைவது, கடும் தலைவலி, வலிப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள். செலவு கையைக் கடித்தால், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜியும் நெஃப்ராலஜியும் (சிறுநீரகப் பிரிவு) இரண்டும் உண்டு, மாத்திரை அங்கேயே கிடைக்கும். பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலையும் பழைய யூரின் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கியும் எடுத்துப் போங்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

அடுத்த முறை தங்கையோடு போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியவை: க்ரானிசிட்டி இண்டெக்ஸ் எவ்வளவு, யூரினில் புரோட்டீன்–க்ரியாட்டினின் விகிதம் முதலில் எவ்வளவு இருந்தது இப்போது எவ்வளவு, சி3, சி4 (நோய் கிளம்பும்போது குறையும் ரத்தப் புரதங்கள்) ஏறுகிறதா, ஸ்டீராய்டை எந்த மாதத்துக்குள் எந்த அளவுக்குக் குறைக்கப் போகிறார்கள். அந்த எண்களை இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.